பன்னிரண்டு மீட்டர் நகர்ந்த கிணறு

மேகலாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் அம்மாவே திருதிருவென்று முழிப்பார். "கம்ப்யூட்டர்ல ரோடு போடுறா" என்று சொல்லிச் சமாளிப்பார். அது ஒன்றும் பொய்யில்லை. ட்ரோன் மேலிருந்து எடுத்த படத்தைக் கணினி வரைபடத்தில் அதன் சரியான இடத்தில் பொருத்தி, அதன்மேல் புதுச் சாலைக்குக் கோடு இழுப்பதுதான் பெரம்பலூர் ஆபீசில் அவளுடைய ஆறு வருடப் பிழைப்பு. ட்ரோன் பறப்பதற்கு முன்பே வயல்களில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்து அளந்துவிடுவார்கள். அந்தக் குறிகளை வைத்துத்தான் படம் உட்காரும்.

ஜெயங்கொண்டம் பக்கத்துச் சாலைக்கு ஐந்து குறிகள். நான்கு சமர்த்தாகப் பொருந்தின. ஐந்தாவது பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று அடம்பிடித்தது. அதை இழுத்துப் பொருத்தினால் அந்தப் பக்கத்துப் படமே மேற்கே நகர்ந்து, யாருடையதோ ஒரு கிணறு சாலைக் கோட்டின் மேல் வந்து நின்றது.

"கெணறு போகுதுன்னு எழுதி அனுப்பிடு மேகலா. நாளைக்குக் குடுத்தாகணும்" என்றார் மேலாளர் பாலாஜி.

"நாலு ஒழுங்கா இருக்கையில ஒண்ணு மட்டும் எப்படி சார் ஓடும்? போய்ப் பாத்துட்டு வந்துடுறேன்."

பிடிவாதக்காரி. மடிக்கணினியையும் அளக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

முந்திரிக் கன்றுகளுக்கு நடுவே குறி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கோடுகள் கோணல்மாணல். ஆபீஸ் ஆட்கள் போட்டது அல்ல. வரப்பில் நின்ற பக்கத்து நிலத்துப் பெண்மணி பஞ்சவர்ணத்துக்கு நாற்பது வயதிருக்கும். மேகலா விசாரித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வெள்ளை அடிச்ச எடத்தையெல்லாம் ரோட்டுக்கு எடுத்துக்குவாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. எங் கெணத்துக்கிட்ட போட்டிருந்துச்சு. அதை அழிச்சிட்டு, கெழக்கால கொழுந்தன் காட்டுல நானே போட்டுட்டேன்."

மேகலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, இது படத்தைப் பொருத்துறதுக்குப் போட்ட குறி. இந்த எடத்த யாரும் எடுக்க மாட்டாங்க. நீங்க இதை நவுத்தினதாலதான் ரோடே உங்க கெணத்து மேல வந்துச்சு."

பஞ்சவர்ணம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்று இருப்பது ஒன்றரை ஏக்கரும் அந்தக் கிணறும்தான்.

மேகலா கோணல் குறியை அது இருந்த இடத்திலேயே புதிதாக அளந்தாள். கணினியைத் திறந்து எண்களை மாற்றினாள். ஐந்து குறிகளும் ஒத்துப்போயின. படம் கிழக்கே நகர, கிணறு தப்பியது. சாலை மேற்கே புறம்போக்கில் போனது.

காட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினாள். கிணற்று ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சேலை கட்டிய ஆள்.

"அது நாந்தான். அன்னிக்கு அந்த ட்ரோனு மேல சுத்தி முடிக்கிற வரைக்கும் கெணத்த வுட்டு நகரல. நான் நின்னா எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

மேகலாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"இனிமே காவல் நிக்க வேணாம்க்கா. வூட்டுக்குப் போங்க."