தனகோட்டி மாமாவின் கால் கட்டைவிரல்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று மாமாவின் மனைவி விஜயா அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். தனகோட்டி மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், தெரியாததையும், தெரியும் என்று நினைத்துக் குழம்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன். பாகூர் கடைத்தெருவில் அவருடைய செருப்புக்கடையில் ஏறி நின்று அளவு கொடுத்த உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் இறந்த அன்று அவர் வீட்டில் நான் என்ன சொன்னேன் என்று ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் அத்தை என்னை எழுதச் சொன்னார்.

அன்று சனிக்கிழமை. கடலூரில் சிறப்பு வகுப்பு முடிந்து கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் என்னைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"உங்க செருப்புக்கடைக்காரர் போய்ட்டாரும்மா. காலையில கடை தொறக்கசொல்ல நெஞ்சைப் புடிச்சிக்கினு ஒக்காந்தவரு, அப்படியே போய்ட்டாரு."

அந்த அண்ணனின் காலைப் பார்த்தேன். மாமா கடையில் வாங்கிய பழுப்புச் செருப்பு. வார் ஓரிடத்தில் தைக்கப்பட்டிருந்தது. பாகூர் வரும் வரைக்கும் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏழாம் வகுப்பில் பள்ளி ஷூ வாங்கப் போனபோதுதான் மாமாவை முதலில் பார்த்தேன். நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அவர் அளவுக்கட்டையை எடுக்கவே இல்லை.

"ஏந்து நில்லுமா. ஒக்காந்த காலுக்கு ஒரு சைஸ், நின்ன காலுக்கு ஒரு சைஸ். மனுஷன்னா நின்ன சைஸ்தான்."

நான் நின்றேன். அவர் என் பாதத்தின் வளைவையும் குதிகாலையும் பார்த்துவிட்டு, ஆப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முப்பத்தாறு லட்சம் வருடங்களுக்கு முன்னால் இரண்டு காலில் நடந்து போனவர்களின் தடங்கள் அவை. அப்பா, அம்மா, குழந்தை என மூன்று பேர் போனார்கள் என்றார். நான் அதைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் படித்திருந்தேன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்பா அம்மான்னு எப்படித் தெரியும் மாமா? மூணு பேர் இருக்கலாம்னுதான் போட்டிருக்கு. யாருன்னு தெரியாதாம்."

"ஏன், குடும்பமா போவக் கூடாதா? சந்தைக்குப் போறாங்கன்னு வச்சிக்க."

"அப்போ சந்தையே கிடையாது மாமா."

"பாருங்க சார், உங்க பொண்ணு எனக்கு மார்க்கு போடுது" என்று என் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து டியூஷன் விட்டு வரும் வழியில் அவர் கடையில் நிற்பது வழக்கமாகிவிட்டது. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர் பாதி தப்பாகச் சொல்வார், நான் திருத்துவேன். நான் திருத்தியதில் பாதியைப் புதிய புத்தகம் ஒன்று வந்து திருத்தும். "மூளை அப்புறமா வந்துதுமா, மொதல்ல காலு வந்துச்சி" என்று அவர் அடிக்கடி சொல்வதை மட்டும் என்னால் திருத்த முடியவில்லை. நம் மூதாதையர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கி வெகுகாலம் கழித்துத்தான் மூளை பெரிதானது. அது சரிதான்.

எங்களுடைய பெரிய சண்டை அவருடைய கட்டைவிரலைப் பற்றியது. அவர் செருப்பு போடாமலே செருப்பு விற்றதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவருடைய இரண்டு கால்களிலும் கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டு விலகித் தனியாக நின்றது. எந்தச் செருப்பும் சரியாகப் பொருந்தாது. குரங்குக்குக் கால் கட்டைவிரல் அப்படித்தான் விலகி நிற்கும், கிளையைப் பிடிக்க. நடக்கத் தொடங்கிய பிறகு அது மற்ற விரல்களோடு வரிசையில் வந்து நின்றது. தன்னுடைய விரல் மட்டும் இன்னும் வரிசைக்கு வரவில்லை, தான் பழைய ஆள் என்பது மாமாவின் கட்சி.

"நீங்க சோரியாங்குப்பத்துல சின்ன வயசிலிருந்து வெறுங்காலோட கழனியில் இறங்கினீங்க இல்ல? ரொம்ப நாள் செருப்பே போடாதவங்களுக்கு விரல் இப்படி விரியும் மாமா. அது சேறு. குரங்கு இல்லை" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தெருவிலேயே என்னை மடக்கி, கடைக்குள் கூட்டிப்போய்க் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஆர்டி என்று ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்த எலும்புக்கூடு. அந்தச் சாம்பல் தடங்களை விடவும் பழையது. இடுப்பைப் பார்த்தால் இரண்டு காலில் நடந்தது போல இருக்கிறது. ஆனால் கால் கட்டைவிரல் விலகி நிற்கிறது.

"இப்ப இன்னா சொல்ற? நடந்துக்குது, விரலும் வெலகிக்குது. என் ஆளு!"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. விரல் சேர்ந்த பிறகுதான் நடை என்று நான் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். இருந்தாலும் விடாமல், "அதோட விரல் பிடிக்கும் மாமா, உங்களது பிடிக்காது" என்றேன். உடனே அவர் கல்லாப்பெட்டிக்குக் கீழே விழுந்திருந்த ஒரு சாக்ஸைக் கால்விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த அத்தை, "கடையில வந்த புள்ளைகிட்ட கொரங்கு வித்தை காட்டுங்க, நாளைக்கு ஏவாரம் நல்லா நடக்கும்" என்றார். மாமா சாக்ஸைத் தட்டி மடித்துவைத்தபடி சொன்னார்: "நீயும் வுட மாட்ட, நானும் வுட மாட்டேன். நான் செத்தா இந்தக் காலை டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்களுக்குக் குடுத்துடணும். அறுத்துப் பாத்து அவங்க சொல்லட்டும்."

இது அவர் சொன்ன முதல் விஷயம்.

இரண்டாவதை அவர் சொன்னது கடைக்கு எதிரே சாக்கடை மீது புதுச் சிமெண்ட் பலகை போட்ட அன்று. வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம். அந்தச் சாம்பலும் இப்படித்தான் ஈரமாக இருந்திருக்கும் என்று சொல்லி, மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிமெண்டில் நடந்தார். அத்தையையும் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை திட்டிக்கொண்டே நாலு எட்டு வைத்தார். அவர்கள் பின்னால் நானும் போனேன். திரும்பிப் பார்த்தால் மூன்று வரிசைத் தடங்கள். குதிகால் ஆழமாகவும், கட்டைவிரல் ஆழமாகவும், நடுவில் வளைவு மேலாகவும் பதிந்திருந்தன. நாங்கள் எந்தப் பக்கம் நடந்தோம் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். மாமாவின் கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு குழி.

சாப்பிட்டுவிட்டு வந்த மேஸ்திரி தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னாங்கய்யா, சின்னப் பசங்களை வெரட்டிக்கினு இருந்தேன், நீங்களே எறங்கிட்டீங்களே!"

மேலே பூசி மூடிவிட்டார்கள். அதற்கு மாமா வருத்தப்படவில்லை. "மூடினாதான்மா நிக்கும். நான் செத்தா என்னை எரிச்சிடாதீங்க. எரிச்சா எவனுக்கும் கெடைக்க மாட்டேன். பாகூர் ஏரிக்கரைச் சேத்துல பொதைச்சிடுங்க. பல லட்சம் வருஷம் கழிச்சி எவனாவது நோண்டி எடுத்து, இவன் யார்ரா, விரலு இப்படி கீதேன்னு கொழம்பட்டும்" என்றார். எலும்பு கல்லாக மாறுவது அத்தனை சுலபம் இல்லை, ஏரிச் சேற்றில் பெரும்பாலும் மக்கிவிடும் என்று சொன்னேன். "முயற்சி பண்றதுல இன்னா தப்பு?" என்றார்.

இந்த இரண்டும்தான் அவர் இறந்த அன்று எனக்குப் பாரமாக வந்து நின்றன.

நான் போனபோது மாமாவைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வழக்கப்படி இரண்டு கால் கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணிக் கிழியால் சேர்த்துக் கட்டியிருந்தார் அவருடைய அண்ணன் ஏழுமலை பெரியப்பா. மற்ற விரல்களோடு ஒருநாளும் சேராத விரல்கள் அவை, இப்போது ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. கட்டு ரொம்ப இறுக்கமாக இருந்தது. என்னால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

வாசலில் சத்தம் வந்துகொண்டிருந்தது. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், அவர் தன்னிடம் சொல்லியிருக்கிறார் என்று அத்தை சொன்னார். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"காலேஜிக்குக் குடுத்துட்டு காடாத்துக்கு இன்னா பண்ணுவ? எலும்பு பொறுக்க வேணாமா? எதை எடுத்துக்கினு போயி கடல்ல கரைக்கறது? கடையில கீற செருப்பையா?"

சொல்லிவிட்டு அவரே அழுதார். மகன் பிரகாஷ் அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. எனக்கு இன்னா தெரியும்?"

அப்போதுதான் பெரியப்பா என்னைக் காட்டினார். "அந்தப் பொண்ணைக் கேளு. வூட்ல பேசினதை வுட இதுகிட்டதான் அவன் அதிகம் பேசினான். இது பொய் சொல்லாது. இது இன்னா சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

எல்லாரும் திரும்பினார்கள். அங்கே வந்திருந்த என் அப்பா தோளைத் தொட்டு, "தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துடு நிவேதா" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் எனக்குத் தெரியும். ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும், அதுதான் தொல்லை. ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. சாக்ஸ் தூக்கிய நாளையும் சிமெண்டில் நடந்த நாளையும் அப்படியே சொன்னேன்.

"பொதைக்கச் சொல்லிக்கிறான், பாத்தியா?" என்றார் பெரியப்பா.

"ஏரிக்கரையில பொதைக்க எவன் வுடுவான்? அது தமாஷுக்குச் சொன்னது" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"அப்ப காலேஜி தமாஷு இல்லையா? எதும்மா தமாஷு?" என்று பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் அவர் ஒரே முகத்தோடுதான் சொன்னார். அதையும் சொன்னேன். பிரகாஷ் அண்ணன், "இதுக்கு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

அத்தைதான் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ரெண்டு வாட்டியில எதுலயாவது எரிக்கச் சொன்னாராடி?"

"இல்லை அத்தை. எரிச்சா எவனுக்கும் கெடைக்க மாட்டேன்னுதான் சொன்னார்."

"அவ்ளோதான்." அத்தை பெரியப்பா பக்கம் திரும்பினார். "நீங்க பெரியவங்க, உங்களை மீறல. அவரு எலும்பு எங்கனா ஒரு எடத்துல இருக்கணும், யாராவது பாக்கணும். அது ஒண்ணுதான் எனக்குப் புரியுது. கடல்ல கரைச்சா அதுவும் இல்லாம பூடும்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் புள்ளையில சோரியாங்குப்பத்துலயிருந்து இவனைத் தோள்ல தூக்கிக்கினு போயி ஆத்துத் திருவிழா காட்டினவன் நான். இப்பவும் தூக்கறேன். எங்கன்னு சொல்லுங்க" என்றார். "காலேஜிக்குத்தான்" என்றார் அத்தை.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அன்றும் கல்லூரி வண்டி தெருமுனைக்கு வந்ததும் பெண்கள் எல்லாரும் பழக்கத்தில் நின்றுவிட்டார்கள். அத்தையும் நின்றார். பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, "காலேஜிக்குப் பொம்பளைங்க வரக் கூடாதுன்னு எங்கனா இருக்குதா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பாவே விழித்தார். அத்தை புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏறி, என் கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா தடுக்கவில்லை.

கல்லூரியில் அத்தையும் பிரகாஷ் அண்ணனும் கையெழுத்துப் போட்டார்கள். உடற்கூறியல் துறையில் நீளமான அறை. இரும்பு மேசைகள். மாமாவை ஒன்றில் படுக்க வைத்த பிறகு, அங்கிருந்த ஊழியர் காலைக் காட்டி, "முடிச்சை வெட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

சுடுகாடாக இருந்தால் அதை அவிழ்க்க ஆள் உண்டு, நேரம் உண்டு. இங்கே யார் அவிழ்ப்பது என்று யாருமே யோசித்திருக்கவில்லை. "வெட்டாதீங்க, நானே அவுக்கறேன்" என்று அத்தை குனிந்தார். பெரியப்பா போட்ட முடிச்சு அசையவில்லை. "உனக்கு நகம் கீதே, நீ அவுருடி" என்றார்.

அத்தனை நாள் சண்டை போட்டும் அந்த விரலை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அவை விலகவில்லை, ஒட்டினாற்போலவே இருந்தன. கட்டைவிரலின் அடியில், எலும்பு பாதத்தோடு சேரும் இடத்தில், விரல் வைத்துப் பார்த்தேன். சேறா, பழைய ஆளா, ஏதாவது தெரியுமா என்று. தோல் கெட்டியாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே படிக்கிறவர்களுக்காவது தெரியுமா, தெரிந்தாலும் எங்களிடம் வந்து சொல்வார்களா, அதுவும் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தோடுதான் இதை எழுதி முடிக்கிறேன். நான் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை, புதைக்கவும் சொல்லவில்லை. அவர் சொன்னதைச் சொன்னேன். மாமாவிடமிருந்து என்னிடம் இருப்பது முடியாத ஒரு சண்டை. இனி அதில் அவர் பக்கத்தையும் நானே பேச வேண்டும். விரல் விலகி நிற்கும் யாரையாவது பஸ்ஸில் பார்த்தால், இது சேறுதான் என்று நினைத்த உடனே, ஆர்டியை மறந்துட்டியா என்று அவருக்காகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு என்ன பதில் சொல்வதென்று இன்னும் அகப்படவில்லை.

அன்று அத்தை மாமாவின் பாதங்களை ஒருமுறை துடைத்துவிட்டு வெளியே வந்தார். நாங்கள் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஊழியர் எட்டிப் பார்த்தார். பிறகு அறையின் விளக்குகளை அணைத்தார்.