மலைக்குட்டையில் டைகர் குடித்த தண்ணீர்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் என் சித்தப்பா குமாஸ்தாவாக இருந்தார். கோடை விடுமுறைக்கு ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து நான் அங்கே போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் நாய் டைகரோடு என்னையும் மலையெல்லாம் சுற்றக் கூட்டிப் போவார். டைகரோடு என்னையும் என்பதுதான் சரியான வரிசை.

பாறை சுடுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் டைகரை நடக்கவிடுவார். மைலுக்கு ஒருதரம் நாலு காலையும் தூக்கி, விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று தேடுவார். நானும் வெறுங்காலோடுதான் நடந்தேன். என் காலை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்காதது கூஜாத் தண்ணீர். சித்தி காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தனுப்பியதை முதலில் டைகருக்குத்தான் தொன்னைபோல் மடித்த கமுகம்பாளையில் ஊற்றி வைப்பார், மிச்சம் எங்களுக்கு. வழியில் தேங்கிய தண்ணீரில் டைகரை வாய்வைக்க விடமாட்டார். ஒரு ஞாயிறு அவர் பின்தங்கி வந்த சமயம் பார்த்து, டைகரை ஒரு குட்டையில் வயிறு முட்டக் குடிக்கவிட்டேன். கூஜாத் தண்ணீர் அன்று எனக்குத் தாராளமாகக் கிடைத்தது.

இரண்டு மூன்று வாரத்தில் டைகர் ஓயாமல் தும்மத் தொடங்கியது. பிறகு மூக்கிலிருந்து ரத்தம். சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். செத்துப்போய்விடுமோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

“மூக்குக்குள்ளே அட்டை ஏறியிருக்கு. வழியிலே எங்கயாவது தண்ணி குடிச்சுதோடா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்லையே” என்றேன்.

அவர் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டைகரின் மூக்கைத் துடைக்கப் போனார். மறுநாள் காலையிலிருந்து டைகரை நிழலில் கட்டிப்போட்டு, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது போட்ட ஊளையில், நாய் மேலே பட்டால் குளிக்கிற சித்திகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பாவைப் போலக் கொடியவர் உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் மண்சட்டி நிறையத் தண்ணீரோடு வந்தார். வேடிக்கை பார்க்கத் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“சட்டியை நீ பிடி. கை ஆடப்படாது, கேட்டையா” என்று என்னிடம் நீட்டினார்.

டைகரின் மூக்குக்கு நேரே பிடித்தேன். அது குடித்துவிடாதபடி சித்தப்பா அதன் வாயைப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மூக்குத் துவாரத்தில் கருப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது, உள்ளே போயிற்று, மறுபடி வந்தது. உள்ளே ஈரம் வற்றிப்போன அட்டை தண்ணீரைத் தேடி நீண்டது, நீண்டுகொண்டே வந்தது, என் சுண்டுவிரல் நீளத்துக்கு. இத்தனை பெரிய உயிர் ஒன்று இத்தனை நாள் டைகரின் முகத்துக்குள் குடியிருந்ததா! வழுக்காமலிருக்கச் சாம்பல் தடவிய விரல்களால் சித்தப்பா அதைப் பற்றி, கொஞ்சமும் அவசரப்படாமல் இழுத்தெடுத்தார். அந்தக் கணத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. டைகர் தும்மியது, சட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்தது, என் கையை நக்கியது.

ஸ்ரீவராகத்துக்குத் திரும்பி, இந்தக் கதையைத் தெருப் பிள்ளைகளிடம் வருஷம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கை ஆடாதவன் என்று தெரிந்துதான் சித்தப்பா என்னைப் பொறுக்கியெடுத்தார் என்றும் சேர்த்துக்கொள்வேன். அத்தனை பெரியவர்கள் சுற்றி நின்றிருந்தும் அவர் ஏன் அந்தச் சட்டியை என்னிடம் நீட்டினார் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவேயில்லை.