சேறு குடித்த மருந்து

அரசப்பனுக்கு எதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். சவுக்கு மரத்தின் ஊசியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பச்சை ஊசியை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். "இது இலையே இல்ல, குச்சி. மலையில இருக்கிற ஊசியிலை மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதாம், நர்சரிக்காரர் சொன்னாரு" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். "அதுக்கு இன்னா இப்போ?" என்பார்கள். அதற்குள் அவர் அடுத்த ஊசியை இழுக்க ஆரம்பித்திருப்பார்.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் எட்டு வருடம் அனலில் வெந்தவர். உடம்பு ஒத்துழைக்காமல் போனதும் தெளிப்பான் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டார். ஆரணி ஆற்றுப் பக்கம் நெல்லை விட்டுச் சவுக்குக்கு மாறியவர்கள் களைக்கொல்லி அடிக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். இளங்கன்றின் மேல் மருந்து பட்டால் கன்று போச்சு. அதனால் பழைய பெயின்ட் வாளி ஒன்றை வெட்டி, தெளிப்பு முனைக்குத் தொப்பி போல மாட்டியிருந்தார். அந்தத் தொப்பிக்காகவே அவரைத் தேடி வந்தவர்கள் உண்டு.

முனிகிருஷ்ணனின் இரண்டு ஏக்கரில்தான் வினை வந்தது. பரம்பரை நெல் விவசாயி. சவுக்கு அவருக்குப் புதுசு. "கொல்லையிலயே குட்டை கீது, மொண்டு கலந்து அடி" என்று மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மழை விட்ட மறுநாள், குட்டைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அதனால் என்ன? நெல்லுக்கு மருந்தை மணலில் கலந்து, சேற்றுத் தண்ணீரில்தானே வீசுகிறோம்? இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து, கோரையும் புல்லும் மருந்து பட்ட சுவடே இல்லாமல் நின்றன. ரோட்டோரம் ஒரே ஒரு பட்டை மட்டும் வேரோடு காய்ந்து கிடந்தது.

"ரோட்ல போறவன் கண்ணுக்குத் தெரியற எடத்துக்கு மட்டும் மருந்து. மீதிக்கு வெறுந்தண்ணி. மருந்த வித்துட்டான்" என்று முனிகிருஷ்ணன் டீக்கடையில் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார்.

அன்றோடு அரசப்பனைக் கூப்பிடுவது நின்றது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ராத்திரிச் சோறு போடும்போது, கம்பெனி வேலைக்குப் போய்வருகிற மனைவி சந்திரகலா தலை நிமிராமல், "நெஜமாவே விக்கலதானே?" என்று கேட்டாள். அதுதான் சுட்டது.

ஆனால் மனிதரின் புத்தி புத்திதான். அவமானத்தோடு அவமானமாக, அந்தப் பட்டை மட்டும் ஏன் காய்ந்தது என்று குடைய ஆரம்பித்துவிட்டார். அதே மருந்து, அதே டேங்க், அதே கை. வெயிலா? இல்லை. மண்ணா? அதுவும் ஒன்றுதான். மூன்றாம் நாள் பல் துலக்கும்போது நினைவு வந்தது. ரோட்டோரம் அடித்த கடைசி டேங்குக்கு மட்டும், வழுக்குகிற கரையில் இறங்கச் சோம்பல்பட்டு, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றியிருந்தார்.

வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் முனிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்.

"ரெண்டு பக்கெட்டு. ஒண்ணுல அந்தக் கலங்கல் குட்டைத் தண்ணி, ஒண்ணுல கேன் தண்ணி. மருந்த நீயே அளந்து ஊத்துண்ணா. நான் பாட்டிலத் தொடவே மாட்டேன்."

"இன்னா, பள்ளிக்கூடத்துப் பரீட்சையா?" என்று முனிகிருஷ்ணன் சிரித்தார். ஆனாலும் வந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசை அவருக்கும் இருந்தது. மூடியில் ஒரே அளவாக ஊற்றினார், ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை அடித்து, நடுவில் கயிறு கட்டினார்கள்.

அரசப்பன் தினமும் காலையில் போய்க் குந்திக்கொண்டு பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு பக்கம் லேசாக வெளுத்தது. எட்டாம் நாள் மஞ்சள். பன்னிரண்டாம் நாள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கேன் தண்ணீர் அடித்த இடம், சருகு; குட்டைத் தண்ணீர் அடித்த அந்தப் பக்கம் பச்சை. பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. குட்டைத் தண்ணீரில் கலந்திருந்த, கண்ணுக்குத் தெரியாத மண் துகள், பாட்டில் பாட்டிலாக மருந்தை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது.

முனிகிருஷ்ணன் கயிற்றுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு புல்லைப் பிடுங்கிப் பார்த்தார்.

"சேறு குடிச்சிருக்குது. நாந்தான் குட்டையில மொள்ளச் சொன்னேன்" என்றார் கடைசியில். "சரி வுடு. நாளைக்கே வந்து முழுக்க அடிச்சிடு. லாரித் தண்ணி ஏற்பாடு பண்றேன்."

"அடிக்கிறேண்ணா. டீக்கடையில சொல்லிடு."

"குரூப்ல மெசேஜ் போட்டுடறேன்பா."

"என்னப் பத்தி போன்லயா சொன்ன? வாயால சொன்ன. நாலு பேரு இருந்தாங்க."

முனிகிருஷ்ணன் கயிற்றைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். அரசப்பன் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சந்திரகலாவுக்கு இன்னிக்கு லீவு" என்றார். "போற வழியில அவளையும் கூட்டிக்கலாம்."