தாசில்தாரும் இரண்டு முயல்களும்

மனைவி ஜூடித் இறந்த முப்பத்தாறாம் நாள், புதன்கிழமை காலையில், தாசில்தார் சின்னவளைப் பார்த்துச் சீறியது. அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பிராங்ளினுக்கு முதலில் குக்கர் சத்தம் என்றுதான் பட்டது. திரும்பிப் பார்த்தால் பூனை உடம்பை வில்லாக வளைத்து, வாலைப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. சின்ன முயல் பின்னங்காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

தாசில்தார் என்பது பூனையின் பெயர். தினமும் அறை அறையாகப் போய் மூலை முடுக்கெல்லாம் பார்வையிட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுவதால் ஜூடித் வைத்த பெயர். முயல்கள் இரண்டும் கட்டபெட்டில் ஒரு தோட்டத்து வீட்டில் வாங்கியவை. அக்கா தங்கை என்பதால் பெரியவள், சின்னவள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் வாசல் அறுத்து, உள்ளே தன்னுடைய பழைய சிவப்பு ஸ்வெட்டரை விரித்து, அடுப்படிச் சுவரோரம் வைத்திருந்தாள். ஐந்து வருடமாக மூன்றுக்கும் படுக்கை அதுதான். ஜனவரிப் பனியில் எது யாருடைய கால் என்றே தெரியாது.

ஜூடித்தை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, எல்லோரும் போன பிறகு, பிராங்ளின் அந்தப் பெட்டிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. வீட்டில் அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது அது ஒன்றுதான்.

அதற்கு இப்போது என்ன வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. கேரட் கழுவுகிற இடத்திலிருந்து கொண்டுவந்த தழையில் மருந்து ஏதும் இருந்ததோ? பூனைக்கு வயிற்றுவலியோ? தான் ஏதாவது தவறாகச் செய்துவிட்டாரோ? குன்னூரில் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்க்கும் அறையில் அவருக்கு முப்பத்தொரு வருட வேலை. கோப்பைகளை வரிசையாக வைத்து, தூளை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, நேரம் பார்ப்பது. தேயிலையில் குறை என்றால் அதற்குக் காரணம் உண்டு. புகை பட்டிருக்கும், ஈரம் கோத்திருக்கும், சூடு கூடியிருக்கும். பூனைக்கு என்ன பட்டது என்று யாரிடம் கேட்பது?

வியாழக்கிழமை பெரியவளின் காதில் ஒரு கீறல், ஒரு பொட்டு ரத்தம். அன்றைக்குத்தான் ஜூடித்தின் அக்கா ஷைனா கோத்தகிரியிலிருந்து வந்து இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாம் நாள் ஜெபம்.

"பூனை பூனைதானே தம்பி. இத்தனை நாளும் அவளுக்குப் பயந்துக்கிட்டு சாதுவா கிடந்துச்சு. பயப்படற ஆளு போயிட்டா அப்பறம் என்ன?"

"அது அவளுக்குப் பயந்து நான் பாத்ததே இல்லைங்கக்கா."

"நீங்க என்னத்தப் பாத்தீங்க? உங்க ஊட்டுல எத்தனை ஜன்னல்னு கேட்டா, எந்திரிச்சுப்போய் எண்ணோணும்."

வீடு கழுவ உதவிக்கு வந்திருந்த தெய்வம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். கீழே எஸ்டேட் குடியிருப்பில் இருப்பவள்; சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவள்.

"எனக்குக் குடுத்துருங்க சார். எங்க லயத்துக் கூரையில எலி ராப்பூரா ஓட்டப்பந்தயம் வைக்குது. ஒரு தாசில்தார் வந்தா நல்லதுதான். பட்டா கூடக் கேட்டுப் பாக்கலாம்."

ஷைனா சிரித்தாள். பிராங்ளின் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது சரியா, மாட்டேனா என்று அவருக்கே தெரியாது. தெய்வம்மா சரி என்று எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் கூடையோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க ஷைனா சொன்னதுதான் அவரைக் குடைந்தது. அந்த ஒட்டுதல் எல்லாம் வெறும் பயம்தானா? ஐந்து வருடமாக அவர் பார்த்தது என்ன?

வெள்ளிக்கிழமை ருசி அறையில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தபோது, ருசி பார்க்கிற வெற்றிச்செல்வன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏனுங்க பிராங்ளின், எப்ப வந்தீங்க?"

"எட்டு மணிக்கே வந்துட்டனுங்க சார்."

"தெரியவே இல்லைங்க. முன்னெல்லாம் கதவு தொறந்தாலே முயல் பண்ணை வந்துருச்சுன்னு மூக்கு சொல்லிரும். ஏப்ரனை மாட்டிட்டு உள்ள வாங்கன்னு எத்தனை நாள் தொரத்தியிருக்கேன். இந்த வாரம் யாரோ புது ஆளு நடமாடற மாதிரி இருக்குது."

"எல்லாத்தையும் துவைச்சுட்டனுங்க சார். ஜெபம் இருக்குதல்ல."

கொதிநீர் ஊற்றிக்கொண்டே இதைச் சொன்ன பிராங்ளின் ஊற்றுவதை நிறுத்த மறந்துவிட்டார். கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை அவர் லீவு போட்டிருந்தார். இறந்தவர் உடுப்பைச் சபையில் கொடுப்பதற்கு முன் துவைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த துவைப்பு ருசி அறைத் துவைப்பு. சோப்பு கூடாது, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், மூன்று தடவை, மூக்கில் வைத்தால் துணி ஒன்றும் சொல்லக்கூடாது. ஜூடித்தின் சேலைகளை அப்படித் துவைத்தார். தன் சட்டைகளையும் ஸ்வெட்டரையும் துவைத்தார். பெட்டிக்குள் கிடந்த சிவப்பு ஸ்வெட்டர் அழுக்காகத் தெரிந்தது, அதையும் போட்டார். அது சுருங்கிக் குழந்தை ஸ்வெட்டர் ஆகிவிட்டது. பெட்டிக்கும் ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றி, காய்ந்ததும் செவ்வாய் இரவு சுத்தமான துண்டை விரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சபைக்குக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்தார். ஒவ்வொரு சேலையாக முகத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூக்கை நம்பிப் பிழைத்த மனிதர், தன் கையாலேயே அவளை வீட்டிலிருந்து துடைத்து எடுத்திருக்கிறார். முப்பத்தெட்டு நாளில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அது இப்போது கஷ்டமாக இருந்தது.

பெட்டிக்குப் பின்னால் ஆணியில் ஒரு மயிர் பிரஷ் தொங்கியது. அழுக்குப் பிடித்தது என்று குப்பையில் போட நினைத்து, மறந்துபோயிருந்தார். தினமும் சாயங்காலம் ஜூடித் முக்காலியில் உட்கார்ந்து தாசில்தாரை ஒரு இழுப்பு, பெரியவளை ஒரு இழுப்பு, சின்னவளை ஒரு இழுப்பு, மறுபடி தாசில்தார் என்று வாருவாள். மூன்றுக்கும் மூன்று வாங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டார். "ஒண்ணே போதுமுங்க, நீங்க பேப்பரைப் படிங்க" என்றாள். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டார்.

பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோனார். முயல், பூனை, மரப்பிடியில் உள்ளங்கை எண்ணெய். அவள் எண்ணெய்தான்.

மூன்றும் ஒரே வாசமாக இருந்தால்தான் ஒட்டிக்கிடக்கும் என்று தெரிந்தேதான் செய்தாளா? இல்லை, நிஜமாகவே சிக்கனம்தானா? கேட்டுவைத்திருக்கலாம். ஐந்து வருடம் பேப்பர் படித்தார்.

தாசில்தாரை மடியில் பிடித்து வாரினார். பிறகு பீரோவுக்கு அடியில் கை விட்டு முயல்களை. மறுபடி தாசில்தாரை. சனிக்கிழமை காலையிலும், மதியமும், சாயங்காலமும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சபையார் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தெய்வம்மா கூடையோடு வந்தாள். பெட்டிக்குள் முயல்கள் இரண்டும் படுத்திருந்தன. தாசில்தார் உள்ளே போகவில்லை. ஒரு முழம் தள்ளி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சீறவில்லை. சின்னவள் கழுத்தை நீட்டினாள். பூனை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன சார், எடுத்துக்கவா?"

"இல்லைங்க தெய்வம்மா. அது இங்கயே இருக்கட்டும்."

"மறுபடியும் பிறாண்டுனா?"

"தெரியலைங்க," என்றார் பிராங்ளின். "இருக்கட்டும்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாசில்தாரை ஒரு இழுப்பு, பெரியவளை ஒரு இழுப்பு, சின்னவளை ஒரு இழுப்பு வாரினார். ஷைனா சபைக்கான மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு துவைத்த தன் ஸ்வெட்டர் கையிலும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார். நாளைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும்.