வடைமாலை போட்ட அல்சேஷன்

நாயைப் பைரவர் என்று கும்பிடுகிறீர்களே, அந்தப் பைரவர் இன்று தண்ணீர் குடித்தாரா என்று ஒரு முறையாவது பார்த்ததுண்டா?

மலாயாவில் மலாக்கா நகரத்துக் காஜா பேராங் வட்டாரத்தில் தேவதாஸ் என்று ஒருவர் இருந்தார். சோலையப்பன் செட்டியாரின் கொப்பரைக் கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரர். பிறந்தது ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு டவுனுக்கு வந்தவர். பேசுவதைவிட, கிடங்கு வாசலில் நின்று பனி கலைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அதிகம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் நெருங்கியபோது வெள்ளைக்காரத் தோட்ட மானேஜர் ஒருவர் கப்பலேறினார். தன் அல்சேஷன் நாயைச் செட்டியாரிடம் விட்டுப்போனார். பெயர் புருனோ; கன்றுக்குட்டி உயரம். கிடங்கில் ஏற்கெனவே ஒரு பைரவர் படம் இருந்தது. படத்துக்குக் கீழே அந்த நாய் வந்து நின்றதும் செட்டியாருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றோடு புருனோவுக்கு இறைச்சி நின்றது. தயிர்சாதம்தான். தேய்பிறை அஷ்டமிதோறும் நெற்றியில் குங்குமம், கழுத்தில் வடைமாலை, முகத்துக்கு நேரே கற்பூரம். மற்ற நேரமெல்லாம் படத்தடியில் குட்டைச் சங்கிலி. சாமியை யாராவது தெருவில் நடத்திக் கூட்டிப்போவார்களா? கட்டியே கிடந்தால்தான் ஆங்காரம் வரும், திருடன் அண்டமாட்டான் என்று வேறு சொன்னார்கள். சாமிக்கு எதற்குச் சங்கிலி என்று ஒருவரும் கேட்கவில்லை. தேவதாசும் கேட்கவில்லை, விபூதி பூசிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஆனால் விடியலில் அவர் ஒன்றைக் கவனித்தார். கொப்பரை வாசனையும் ஆற்றுப் பக்கத்து ஈரமும் கலந்து உள்ளே வரும் நேரத்தில், தூங்குகிற புருனோவின் கால்கள் அசையும். மூக்கு துடிக்கும். எங்கோ நீண்ட புல்வெளியில் அது ஓடிக்கொண்டிருந்தது. கண் விழித்ததும் சங்கிலி இழுக்கும், ஓட்டம் நின்றுவிடும். அந்தக் கால்களைப் பார்த்தபடியே தேவதாஸ் பல காலைகளில் ஆறிய காப்பியைக் குடித்தார்.

சுதந்திரத்துக்கு முந்தைய அஷ்டமியில் செட்டியாரின் மனைவி வடிவாம்பாள் ஆச்சி கற்பூரத் தட்டை நீட்டினார். காற்றில் சுடர் சாய்ந்தது. நாய் பின்வாங்கியது; சங்கிலி விடவில்லை. மிரண்ட நாய் ஆச்சியின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தெய்வக் குற்றம் என்றது ஊர். மறுநாள் நகரசபை ஆளை வரவழைத்து நாயைச் சுட்டுவிடுவதென்று செட்டியார் முடிவு செய்தார்.

வாழ்நாளில் முதலாளியை எதிர்த்துப் பேசாத தேவதாஸ் அன்று போய் முன்னால் நின்றார்.

“செட்டியாரே, அது பின்னாலதான் போகப் பாத்துச்சு. மூஞ்சில நெருப்பக் காட்டுனா நீங்களும் நானும் என்னா பண்ணுவோம்?”

“நீ எனக்கு ஜாகாவா, நாய்க்கு வக்கீலா?”

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்த ஆச்சிதான் குறுக்கிட்டார். “கடிபட்டவ நானு. என்னயக் கேக்காமத் துப்பாக்கிக்கு ஆள் விடுறீகளா? அது கழுத்தப் பாருங்க, சங்கிலி அறுத்த புண்ணு. சாமின்னுட்டு நம்ம பண்ணதுக்கு, நானா இருந்தா மொத நாளே கடிச்சிருப்பேன்.”

செட்டியார் நகரசபைக்கு ஆள் விடுவதை நிறுத்தினார். பிறகு, தேவதாசே கொண்டுபோகட்டும், இனி யாரையாவது கடித்தால் அவனே பதில் சொல்லட்டும் என்றார்.

தேவதாஸ் நாயை உடனே வீட்டுக்கு இழுத்துப் போகவில்லை. முதலில் பக்கத்து வீட்டு இட்ரிசிடம் போனார். தொழப் போகிற மனிதர். நாயின் எச்சில் பட்டால் அவருக்குச் சங்கடம். அதைக் கேலி செய்வது பகுத்தறிவல்ல, முரட்டுத்தனம். வேலியைத் தன் பக்கம் உயரமாகக் கட்டுவதாகவும், சூரா என்கிற தொழுகைக்கூடத்துக்குப் போகும் சந்தில் நாயை நடத்துவதில்லை என்றும் தேவதாஸ் வாக்குக் கொடுத்தார். உன் குறட்டையையே பொறுத்துக்கொண்டேன், நாய் குரைப்பதா பெரிது என்று இட்ரிஸ் சிரித்தாராம். பிறகு வெறிநோய் ஊசி, கழுத்தில் லைசென்சு வில்லை, பசாரிலிருந்து எலும்பும் இறைச்சியும், புண்ணுக்கு மருந்து.

நாடு விடுதலை பெற்ற மறுநாள் காலை. கொண்டாடிய களைப்பில் ஊர் அசந்து கிடந்தது. கிளேபாங் கடற்கரையில் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள் ஒரு பெரிய நாய் அலையின் ஓரமாக ஓடியது. தூக்கத்தில் ஓடிய அதே ஓட்டம். நீளமான கயிறு தேவதாசின் கையில்தான் இருந்தது. கரையில் பிறர் பிள்ளைகளும் விளையாடுவார்கள் அல்லவா? அவரும் கூடவே ஓடினார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் ஓடுகிறோம் என்பதே தெரியாதவர்போல.

பின்னாளில் கிடங்குக் காவலுக்கு நாய் வேண்டும் என்று செட்டியாரே கேட்டு வந்தார். தேவதாஸ் நிபந்தனையோடு சம்மதித்தார். கிடங்குக்குள் நாய் சங்கிலியில்லாமல் தன்னோடு இருக்கும். கற்பூரம் மட்டும் கூடாது. புருனோ கிழடாகிச் சாகும்வரை அங்கே திருட்டும் இல்லை, கடியும் இல்லை.

உங்கள் வாசலில் பெரிய நாய் ஒன்று இருக்கிறதா? நாளைக் காலை அதன் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வயிறாரப் போடுங்கள். வேலியைச் சரிபாருங்கள். அண்டை வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். பிறகு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.