அம்மாவின் அளவில் அப்பாவின் ரத்தம்

ஜட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையில், எங்கள் பக்கத்தில், யாரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஏதோ போகுது." லாட்டரி விழுந்தவனும் அதைத்தான் சொல்வான், படகு கவிழ்ந்து நீந்திக் கரையேறியவனும் அதைத்தான் சொல்வான். என் அப்பா வெர்னர் இதில் ஊருக்கே தலைவர். ஒருமுறை தீவனம் அரைக்கும் எந்திரத்தில் அவருடைய சுண்டுவிரல் நுனி சிக்கிக்கொண்டது. அம்மா ஓடிவந்து என்னாச்சு என்று கத்தியபோது, கையைத் துணியில் சுற்றிக்கொண்டே "ஏதோ போகுது" என்றாராம். போனது விரல்.

அப்பாவும் அம்மா டோர்தேயும் மிங்க் வளர்த்தார்கள். கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிராணி. உரோமத்துக்காக வளர்ப்பது. நாறும், கடிக்கும், சோறு போட்ட கையையே முதலில் கடிக்கும். ஆனாலும் விடிந்ததும் இரண்டு பேரும் காபிகூடக் குடிக்காமல் கொட்டகைக்குத்தான் போவார்கள். கொரோனா வந்த வருஷம் அந்தப் பிராணிகளுக்குள்ளும் நோய் பரவுகிறது என்று, நாடு முழுக்க எல்லாவற்றையும் கொல்லும்படி உத்தரவு வந்தது. ஆட்கள் வந்தார்கள், கொன்றார்கள், லாரியில் ஏற்றினார்கள். கொட்டகைகளில் காற்று மட்டும் மிச்சம். அது எங்கள் ஊரில் ஏற்கெனவே நிறைய இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக அணைந்துபோனார்கள். அம்மா படுக்கையில். அப்பா சமையலறை நாற்காலியில். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டிருந்தேன். அதற்குக்கூட இரண்டு பேரும் திட்டவில்லை. இவர்களை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். அப்பாவின் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிப் போட்டேன். பழைய அப்பாவாக இருந்தால் கோப்பை என் தலைக்கு மேல் பறந்திருக்கும். இவர் முழுசாகக் குடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.

டாக்டர் மலீன் கோபன்ஹேகன்காரர். நல்ல மனுஷி, வேகமாகப் பேசுவார். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும்போது ஆண் உடம்பிலும் பெண் உடம்பிலும் என்னென்ன மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு ஜோடியைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே துக்கம். இப்படி ரெண்டு பேர் சேர்ந்து கிடைக்கவே மாட்டாங்க."

"கண்காட்சில வெச்சா டிக்கெட் காசுல எங்களுக்கும் பங்கு வேணும் டாக்டர்" என்றேன்.

அம்மா என்னைக் கிள்ளக்கூட இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். மனச்சோர்வு உள்ள சிலருக்கு உடம்புக்குள் புண் இல்லாமலே புண்பட்ட மாதிரி ஓர் அழற்சி இருக்குமாம். அதைக் காட்டும் எண் ஒன்று ரத்தத்தில் ஏறி நிற்குமாம். ஆள் தேறினால் அது இறங்கவேண்டும் என்பது டாக்டரின் கணக்கு.

அம்மா தேறினாள். முதலில் ஜன்னலைத் திறந்தாள். பிறகு அறையின் லட்சணத்தைப் பார்த்து என்னைப் பிசாசே, பன்னியே என்று திட்டினாள். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. ஒருநாள் கடைக்குப் போய்ச் சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கிவந்தாள். எங்கள் ஊரில் சிவப்புக் கோட்டு போடுகிறவர் தபால்காரர் மட்டும்தான். அவளுடைய எண் சரசரவென்று இறங்கியிருந்தது.

அப்பாவின் எண்ணும் இறங்கியிருந்தது. அப்பா மட்டும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கேட்டார்: "எப்படி இருக்கீங்க வெர்னர்?"

"ஏதோ போகுது."

"ரொம்ப நல்லது! ரத்தமும் அதைத்தான் சொல்லுது."

"டாக்டர், இவரு வீடு பத்தி எரிஞ்சாலும் இதையேதான் சொல்வாரு" என்றேன்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணு நல்லா தமாஷ் பண்றா."

ஊரெல்லாம் குறும்பு பண்ணித் திரிகிறவளுக்கு இதுதான் தண்டனை. உண்மை சொன்னால் எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள்.

திரும்பி வரும்போது அம்மாதான் கார் ஓட்டினாள். பாதி வழியில் ஆரம்பித்தாள்.

"எல்லாம் இறங்கிடுச்சுன்னு சொல்லிட்டாங்கல்ல? அப்புறம் உனக்கு என்னதான் கேடு?"

அப்பா வெளியே பார்த்தார்.

"நானும் அதே மாத்திரையைத்தானே முழுங்கினேன் வெர்னர்? எனக்கும் அதே கொட்டகைதானே காலியாச்சு? நான் எந்திரிக்கல?"

"எந்திரிச்சே" என்றார் அப்பா.

"அப்ப நீ?"

"அம்மா, அவருக்கு இன்னும் சரியாகல" என்றேன் பின்சீட்டிலிருந்து.

"நீ டாக்டரா? பள்ளிக்கூடத்தையே முடிக்கல."

அதுவரைக்கும் அப்பா நோயாளி. நோயாளியோடு அம்மா எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குப்பை கொட்டியிருப்பாள்; அவளே அந்தக் குழியில் கிடந்தவள்தானே. இப்போது அவர் குணமானவர் என்று காகிதம் சொல்லிவிட்டது. குணமான ஆள் குளிக்காமல், பேசாமல், நாற்காலியில் கிடந்தால் அவனுக்குப் பெயர் வேறு. சோம்பேறி. அழுத்தக்காரன். அம்மா அந்த வார்த்தைகளை எல்லாம் சொன்னாள். ஒருநாள் என்னைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய், "அவரு என்னை மறுபடி உள்ள இழுக்கிறாரு. எனக்கு மூச்சு முட்டுது. நீயும் வா" என்றாள். நான் வரவில்லை என்றேன். நாய்க்கு யார் சோறு போடுவது என்று சாக்குச் சொன்னேன். நாய் தானே பிரிட்ஜைத் திறந்து தின்னும்.

வீபோர்க் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது அவளுக்கு. துணிமணியையும் கொஞ்சம் பாத்திரங்களையும் காரில் ஏற்றினாள். அப்பா நாற்காலியிலிருந்தே "பாத்து ஓட்டு" என்றார். கடைக்குப் போகிறவளிடம் சொல்வதுபோல. அம்மா வாசலில் கொஞ்சம் நின்றாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றாளோ என்னவோ. பிறகு காரில் ஏறிப் போனாள்.

குளிர்காலம் போய்க்கொண்டிருந்தபோது டாக்டர் மலீன் எங்களைக் கூப்பிட்டார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எங்ககிட்ட சிகிச்சைக்கு வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆம்பளைங்க வரவே மாட்டேங்கறாங்க. அதனால, தேறினதுக்கு எது அடையாளம்னு பெண்கள் ரத்தத்தை வெச்சே முடிவு பண்ணிட்டோம். இப்ப ஆண்களைத் தனியா பிரிச்சுப் பாத்தா, சிலருக்கு அந்த எண் இறங்குது, ஆனா நோய் அப்படியே இருக்கு. சிலருக்கு நேர்மாறாவும் போகுது. நோய்க்குப் பேரு ஒண்ணுதான். உள்ள நடக்கறது வேற வேறயா இருக்கலாம். ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசா தெரியல."

"அதாவது, அம்மா சட்டையை அப்பாவுக்கு மாட்டிவிட்டு, அளவு கச்சிதம்னு அனுப்பிட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஆமா" என்றார்.

ஆமா என்று சொல்லும் டாக்டரை என்ன செய்வது? திட்டுவதற்கு நிறையச் சேர்த்துவைத்திருந்தேன். எல்லாம் வீணாகிப்போனது.

அப்புறம் அவர் அப்பாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அப்பா யோசித்தார். தெரியவில்லை என்றார். "கடைசியா எதுக்குக் கோபப்பட்டீங்க?" அதுவும் தெரியவில்லை. டாக்டர் வேறு வகை மருந்தை எழுதினார். பழைய காலத்து மருந்துதான், சிலருக்குக் கேட்கும், பார்ப்போம் என்றார்.

கேட்டது. உடனே இல்லை. வசந்தம் வந்து நாரைகள் வயலில் இறங்கிய சமயம், அப்பாவின் பூட்சுக்குள் நான் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றிவைத்தேன். காலைவிட்டவர் அப்படியே நின்றார்.

"எந்தப் பேய்டி இதைப் பண்ணுச்சு? நில்லுடி! இன்னைக்கு உன்னை..."

ஒற்றைக் காலில் கஞ்சி வழிய வழிய கொட்டகையைச் சுற்றித் துரத்தினார். என்னால் தப்பித்திருக்க முடியும். தப்பிக்கவில்லை. முதுகில் ஒன்று வைத்தார் பாருங்கள், அவ்வளவு பலம் அந்த மனுஷனிடம் மிச்சம் இருந்தது என்று ஊருக்கே போய்ச் சொல்லலாம் போலிருந்தது.

மறுநாள் முகம் சவரம் செய்துகொண்டார். சூப் வைக்கப்போவதாகச் சொல்லி அலமாரியைத் திறந்தார்.

"அந்த நீலப் பானை எங்க?"

"அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எங்க போயிட்டா?"

"வீபோர்க். அங்கதானேப்பா இருக்காங்க. நீங்கதானே பாத்து ஓட்டுன்னு சொன்னீங்க."

அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மாவின் கோட்டு மாட்டும் ஆணியைப் பார்த்தார். மாதக்கணக்காக வெறுமையாக இருந்த ஆணி. எனக்குப் பழகிவிட்டது. அவர் இப்போதுதான் பார்க்கிறார். அம்மா எங்களை விட்டுப் போனது இலையுதிர் காலத்தில். அப்பாவை விட்டுப் போனது அன்றைக்கு, சூப் வைக்கிற நேரத்தில்.

போன் போட்டார். அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"டோர்தே, நீ போயிட்டியா?"

"வெர்னர்? என்ன இது... நான் போய் எவ்வளவோ நாளாச்சு."

"எனக்கு இப்பத்தான் தெரியுது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களே" என்றாள் அம்மா. "டாக்டரே சொன்னாங்களே. நான் உன்னை என்னென்ன பேசினேன்."

"திரும்பி வர்றியா?"

"முடியாது. அந்த வீட்டுக்குள்ள காலை வெச்சா நான் மறுபடி படுத்துடுவேன். கோவிச்சுக்காதே."

அப்பா தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? நான்தான் வாங்கி, "சரின்னு சொல்றாரும்மா" என்றேன்.

அடுத்த தடவை மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். தூக்கம்? இல்லை. சாப்பாடு? இறங்கவில்லை. கண் சிவந்து கிடந்தது. வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருந்தார். டாக்டரின் முகம் வாடிப்போனது. இந்த மருந்தும் கேட்கவில்லையோ, மாற்றிப் பார்க்கலாமா என்று பேனாவை எடுத்தார்.

"மாத்தாதீங்க டாக்டர்" என்றேன். "இது நோய் இல்ல. எங்கம்மா."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தபடி, அதுதான் என்று தலையாட்டினார்.