மஞ்சள் தொட்ட சட்டைகள்

வரதராசா அண்ணையை, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லாசப்பலில் நாங்கள் 'கெல்மெற்' என்றுதான் சொல்வோம். கோபம் வரும்; ஆனாலும் திரும்பிப் பார்ப்பார். காரைநகரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த மனிதர், பாரிசுக்கு வந்து ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குச் சாமான் அறை பார்த்தார். மாணவர்களின் சட்டை தோய்ப்பது, தோள் கவசம் காயவைப்பது, கெல்மெற் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. விளையாட்டின் விதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. பலகையில் எந்தப் பக்கத்து எண் பெரிது என்று மட்டும் பார்ப்பார்.

1986 மாசியில் ஆட்டங்கள் தொடங்கியபோது அணியின் பொறுப்பாளர் ஒன்றைச் சொல்லிவிட்டார். எட்டு ஆட்டத்தில் நான்கிலாவது வெல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடுவார்களாம். கலைத்தால் வேலையில்லை, வேலைக் கடிதம் இல்லாமல் ஆனி மாதம் இவருடைய வதிவிட அனுமதிக் காட் புதுப்பிக்கப்படாது. காட் இல்லாவிட்டால் ஊரில் நடக்கிற சண்டைக்குள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் மனிதர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். ஒரே அறையில் இருந்த எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. நாலாவதில் வென்றார்கள், ஐந்தாவதில் தோற்றார்கள், அடுத்த இரண்டையும் எப்படியோ வென்றார்கள். கடைசி ஆட்டத்தில்தான் எல்லாம் தொங்கியது. அன்று எனக்கு றெஸ்ரோறன்ட் வேலை லீவு என்பதால் நானும் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாமான் அறையில் இவர் சட்டைக் குவியலுக்கு முன்னால் நின்றார். அந்த ஆட்டத்துக்கென்று முப்பத்தெட்டு வெள்ளைச் சட்டை புதிதாக வந்திருந்தது. முதல் நாளே ரூ லூயி-பிளாங்கில் ஒரு தமிழ்க் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, குழைத்து, ஒவ்வொரு சட்டையின் ஓரத்திலும் தீபாவளி உடுப்புக்குப் போலத் தொட்டு வைத்திருக்கிறார்.

"புது உடுப்பு, சும்மா குடுக்கேலுமே?" என்றார் என்னிடம்.

காலையில் பார்த்தபோது மஞ்சள் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. பயந்துபோய்ச் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். சங்கக்கடை மனேச்சருக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டுச் சட்டையிலும் இரத்தம் கசிந்த மாதிரி சிவப்பு.

பொறுப்பாளர் வந்து பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அறைப் பூட்டின் திறப்பைத் தரச் சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு வேலை போய்விட்டது, இனி வென்றும் பயனில்லை என்று எனக்கு விளங்கியது. அண்ணை அழவில்லை, கெல்மெற்றுகளை இன்னொரு தடவை துடைத்தார்.

அணித்தலைவன் வந்து இது என்னவென்று கேட்டான். அண்ணை தன் அரைகுறைப் பிரெஞ்சில், எங்கள் ஊரில் புதிய உடுப்பை இப்படித் தொட்டுத்தான் உடுப்போம், நல்லது நடக்கும் என்று சொன்னார். அவன் தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் போட்டார்கள்.

ஆட்டம் முழுக்க அண்ணை மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நின்றார். எண்களை நான்தான் சொன்னேன். பதின்மூன்றுக்குப் பதினாலு என்று முடிந்தது. எங்கள் பக்கம்தான் பதினாலு. அவர் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. திறப்பை நீட்டிக்கொண்டு நேரே பொறுப்பாளரிடம் போனார். சேறும் வியர்வையுமாக நின்ற அணித்தலைவன் குறுக்கே வந்தான். அடுத்த வருடச் சட்டைகளையும் இவர்தான் தொட்டுத் தர வேண்டும் என்று சொன்னான். பொறுப்பாளர் திறப்பை அண்ணையின் கைக்குள்ளேயே வைத்து மூடினார். வேலைக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது.

ஆனியில் காட் புதுப்பிக்கிற பிரெபெக்சூர் அலுவலகத்துக்கும் நான் கூடப் போனேன். யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தை விரிக்கவேயில்லை. மற்றக் கடதாசிகளோடு கோப்புக்குள் செருகிவிட்டு முத்திரை குத்தினார். வெளியே வந்து அண்ணை படியில் குந்திவிட்டார்.

"எட்டு ஆட்டமடா. ஒரு எழுத்துக்கூட வாசிக்கேல்லை."

எனக்கு உடம்பெல்லாம் கோபம். அண்ணை சாப்பிடாமல் வைத்த சோற்றை யார் திருப்பித் தருவது?

அடுத்த மாசியில் முதல் ஆட்டத்தன்று அண்ணையின் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். சோறு பிசைந்தபடி கிடந்தது. காட்தான் கையில் இருக்கிறதே, இனி என்ன பயம் என்று கேட்டேன்.

"பெடியள் தோத்துப் போனால்?" என்றார்.